கல்குடாவும் மட்டக்களப்பும்: நமது தொகுதிகளின் தேர்தல் வரலாறு

சென்ற தவணையில் பத்தாம் தர குடியியற் கல்விப் பாடத்தில் தேர்தல் முறைகளைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து, “டீச்சர், உங்கட எம்.பி. ஆரு? எங்கட எம்.பி. ஆரு?” என்று கேட்டாள். நான் சித்தாண்டியிலிருந்து பஸ்ஸில் வந்து படிப்பிப்பவள் என்பது அவளுக்குத் தெரியும். வகுப்பு சிரித்தது. எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அந்தக் கேள்விக்கான பதிலையே இக்கட்டுரையாக எழுதுகிறேன். மாணவியரோடு பெற்றோரும் வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

வாக்குரிமை வந்த கதை

டொனமூர் அரசியல் யாப்பின் கீழ் 1931 இல் இலங்கையில் 21 வயதுக்கு மேற்பட்ட ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆசியாவில் இவ்வுரிமையை மிக முந்திப் பெற்ற நாடுகளில் நமது நாடும் ஒன்று. 1959 இல் வாக்களிக்கும் வயது 18 ஆகக் குறைக்கப்பட்டது.

அரசாங்க சபைக் காலத்தில் திருகோணமலை – மட்டக்களப்புத் தொகுதியின் பிரதிநிதியாக இருந்தவர் வ. நல்லையா. சிங்களத்தை அரச கரும மொழியாக்க வேண்டும் என ஜே.ஆர். ஜயவர்தன கொண்டுவந்த பிரேரணை 1944 இல் விவாதத்துக்கு வந்தபோது, “தமிழும்” சேர்க்கப்பட வேண்டும் எனத் திருத்தம் கொண்டுவந்தவர் அவரே. திருத்தப்பட்ட பிரேரணை 27 க்கு 2 என்ற வாக்குகளால் நிறைவேறியது. பன்னிரண்டு ஆண்டுகளின் பின் 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்ததை நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். இன்று வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் இடத்தில் முன்பு மத்திய கல்லூரி ஒன்று இருந்தது. அக்கல்லூரியையும் நல்லையா அவர்களையும் பிரித்துப் பேச எங்கள் ஊர்ப் பெரியவர்களால் முடியாது.

மூன்று தொகுதிகள்

1947 முதலாவது பாராளுமன்றத் தேர்தலில் இன்றைய மட்டக்களப்பு மாவட்டத்துக்குள் கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு என மூன்று தொகுதிகள் இருந்தன. எங்கள் சித்தாண்டி கல்குடாவைச் சேர்ந்தது. வாழைச்சேனை, ஓட்டமாவடி ஆகியனவும் அதற்குள் அடங்குகின்றன. மட்டக்களப்புத் தொகுதியில் நகரமும் காத்தான்குடியும் உள்ளன.

கல்குடாவின் பட்டியலை முதலில் பாருங்கள். 1947, 1952 தேர்தல்களில் நல்லையா வென்றார். 1956 இல் ஏ.எச். மாக்கான் மாக்கார் வென்றார். 1960 இல் நடந்த இரு தேர்தல்களிலும் தமிழரசுக் கட்சியின் பி. மாணிக்கவாசகம் வென்றார். 1965, 1970, 1977 மூன்றிலும் ஐக்கிய தேசியக் கட்சியின் கே.டபிள்யூ. தேவநாயகம் வென்றார். அவர் பின்னர் நீதி அமைச்சராகவும் இருந்தார்.

மட்டக்களப்பில் 1947 இல் சின்னலெப்பையும் 1952 இல் ஆர்.பி. கதிராமரும் தெரிவாகினர். 1956 இல் ‘சொல்லின் செல்வர்’ செ. இராசதுரை தமிழரசுக் கட்சியில் வென்றார்.

இந்த இரண்டு பட்டியல்களிலும் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு தொகுதிக்கு ஒருவர்தான் என்றிருந்த காலத்திலேயே ஒருமுறை தமிழரும் ஒருமுறை முஸ்லிமும் வென்றிருக்கிறார்கள். மற்றச் சமூகத்தின் வாக்கையும் கேட்டுத்தான் வேட்பாளர் வீடு வீடாகப் போக வேண்டியிருந்தது.

இரட்டை அங்கத்தவர் தொகுதி

கலந்து வாழும் இடங்களில் சிறிய சமூகத்துக்கும் இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காக, பல அங்கத்தவர் தொகுதிகளை அமைக்க சோல்பரி யாப்பு இடமளித்தது. அதன்படி 1960 மார்ச் தேர்தலிலிருந்து மட்டக்களப்பு இரட்டை அங்கத்தவர் தொகுதியானது. ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள். இருவருக்குப் பகிர்ந்தும் கொடுக்கலாம், இரண்டையும் ஒருவருக்கே கொடுக்கவும் செய்யலாம்.

1960 முதல் 1977 வரை நடந்த ஐந்து தேர்தல்களிலும் இராசதுரை தெரிவானார். இரண்டாவது ஆசனம் 1960 இன் இரு தேர்தல்களிலும் மாக்கான் மாக்காருக்கும், 1965 இல் அப்துல் லத்தீப் சின்னலெப்பைக்கும், 1977 இல் டொக்டர் பரீத் மீராலெப்பைக்கும் கிடைத்தது. 1970 இல் மட்டும் சுயேச்சையாக நின்ற இராஜன் செல்வநாயகம் அதைப் பெற்றார். அந்த ஒரு தேர்தலில் முஸ்லிம் உறுப்பினர் எவரும் அத்தொகுதியிலிருந்து போகவில்லை. 1977 இலோ தமிழர் விடுதலைக் கூட்டணித் தரப்பில் இராசதுரையும் கவிஞர் காசி ஆனந்தனும் நின்றனர். இருவரில் ஒருவரே வென்றார்.

இவ்விரு ஆண்டுகளையும் ஒன்றாக வைத்துப் படிக்க வேண்டும். சட்டம் இரண்டு ஆசனங்களைத் தந்தது. எந்த ஆசனத்திலும் எந்தச் சமூகத்தின் பெயரையும் அது எழுதி வைக்கவில்லை. வாக்குகள் எப்படிப் பகிரப்பட்டன என்பதே முடிவைத் தீர்மானித்தது.

பன்னிரண்டு ஆண்டு இடைவெளி

1982 டிசம்பரில் நடந்த சர்வசன வாக்கெடுப்பின் மூலம் பாராளுமன்றத்தின் ஆயுள் நீடிக்கப்பட்டது. அடுத்த பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரியில்தான் நடந்தது. 1977 இல் 17 வயதாக இருந்த ஒரு பெண் பொதுத் தேர்தலில் முதல்முறை வாக்களிக்க ஏறக்குறைய 29 வயது வரை காத்திருந்தாள். உங்கள் உம்மம்மாமாரில் சிலர் அந்த வயதினராக இருப்பார்கள். கேட்டுப் பாருங்கள்.

இன்றைய கணக்கு

1978 யாப்பு கொண்டுவந்த விகிதாசார முறை பாராளுமன்றத் தேர்தலில் முதன்முதலாக 1989 இல் நடைமுறைக்கு வந்தது. பழைய மூன்று தொகுதிகளும் வாக்களிப்புப் பிரிவுகளாக மாறின. மாவட்டம் முழுவதற்கும் ஐந்து ஆசனங்கள். 5 வீதத்துக்குக் குறைவாகப் பெறும் கட்சி கணக்கிலிருந்து நீக்கப்படும். முதலிடம் பெறும் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். மிகுதி நான்கும் விகிதப்படி பகிரப்படும்.

வகுப்பில் கரும்பலகையில் போட்ட கற்பனைக் கணக்கு இது. செல்லுபடியான வாக்குகள் 2,00,000 என்போம். அதை நான்கால் வகுக்க 50,000. ‘அ’ கட்சிக்கு 90,000, ‘ஆ’ வுக்கு 55,000, ‘இ’ க்கு 33,000, ‘ஈ’ க்கு 22,000. போனஸ் ‘அ’ வுக்கு. 50,000 ஐத் தாண்டியதால் ‘அ’ வுக்கும் ‘ஆ’ வுக்கும் ஒவ்வொன்று. இன்னும் இரண்டு மிஞ்சும். எச்சங்களில் பெரியவை ‘அ’ வின் 40,000 உம் ‘இ’ யின் 33,000 உம். ஆகவே ‘அ’ 3, ‘ஆ’ 1, ‘இ’ 1.

இப்போது ‘இ’ கட்சியினர் தமக்குள் கோபித்து 18,000, 15,000 என இரண்டு கட்சிகளாகப் பிரிந்து கேட்கிறார்கள் என்று வையுங்கள். கடைசி ஆசனம் 22,000 பெற்ற ‘ஈ’ க்குப் போய்விடும். அதே மனிதர்கள், அதே 33,000 வாக்குகள், ஆனால் ஆசனம் இல்லை. இக்கணக்கு தமிழருக்கும் முஸ்லிமுக்கும் ஒன்றுதான்.

உண்மையான முடிவுகளையும் பாருங்கள். 2004 இல் தெரிவான ஐவரில் முஸ்லிம் உறுப்பினர் ஒருவர். 2010 இலும் 2015 இலும் இருவர். 2020 இலும் 2024 இலும் ஒருவர். இந்த ஏற்ற இறக்கம்தான் ஒவ்வொரு தேர்தலிலும் இரு பக்கத்து ஊர்களிலும் “நம்மட ஆசனம் போயிரும்” என்ற பயத்தை உண்டாக்குகிறது. பயம் இருக்கும் இடத்தில் மற்ற ஊரைப் பற்றிக் கூடாத பேச்சு எளிதில் விலைபோகும். கணக்குத் தெரிந்தவள் அப்பேச்சைக் கேட்டதும், இது எந்தக் கட்சியின் எச்சத்துக்காகச் சொல்லப்படுகிறது என்று யோசிப்பாள்.

இன்னொன்று. நான் இங்கு பெயர் சொன்ன மக்கள் பிரதிநிதிகளில் ஒரு பெண்ணும் இல்லை. 2004 இல் தெரிவான தங்கேஸ்வரி கதிராமன் அவர்களின் பெயரையாவது இங்கே சேர்த்துவிடுகிறேன். தொல்லியல் ஆய்வாளர் அவர். 1931 இல் கிடைத்த உரிமைக்கு இந்தப் பட்டியல் மிகவும் சிறியது.

அந்தப் பிள்ளைக்கு

மகளே, உன் கேள்விக்கு வருகிறேன். சட்டத்தின்படி உனக்கும் எனக்கும் ஐந்து எம்.பி.மார். ஐவரும் ஒரே ஐவர். என் ஊர் வயலுக்குத் தண்ணீர் வராவிட்டாலும் உன் ஊரில் வீதி உடைந்தாலும் ஐந்து பேரிடமும் கேட்க நம் இருவருக்கும் உரிமை உண்டு. உனக்கு வாக்குக் கேட்காதவரிடமும் நீ கேட்கலாம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். வாக்காளர் பதிவுப் படிவத்தோடு கிராம உத்தியோகத்தர் வரும்போது, வயது வந்த மகளின் பெயரையும் மறவாமல் எழுதுங்கள். “கலியாணம் முடிச்சுப் போறவள்தானே” என்று விட்டுவிடாதீர்கள். வாக்களிக்கும் விதத்தையும் சொல்லிக் கொடுங்கள். முதலில் கட்சிக்கு அல்லது சுயேச்சைக் குழுவுக்குப் புள்ளடி. அதன் பிறகே மூன்று பேர் வரை விருப்பு வாக்கு. கட்சிக்குப் புள்ளடியிடாமல் இலக்கங்களுக்கு மட்டும் இட்டால் அந்த வாக்கு நிராகரிக்கப்படும்.

அடுத்த தவணை இதே கணக்கை 2024 இன் உண்மையான எண்களோடு வகுப்பில் செய்து பார்க்கப் போகிறோம். கல்குலேட்டர் தேவையில்லை, கொப்பியும் பேனையும் போதும்.