எத்தனால் கணக்கில் ஏறாத காடு

அன்புள்ள கயல்,

மக்காச்சோள எத்தனால் பெட்ரோலைவிட நல்லதா என்று கேட்டிருந்தாய். உரம், டிராக்டர், ஆலை எல்லாம் சேர்த்தாலும் வெளியேற்றம் சுமார் 20 சதவீதம் குறைவு என்றுதான் அமெரிக்காவில் சொல்லிவந்தார்கள். 2008இல் திமோத்தி சர்ச்சிங்கர் குழு ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை அதைப் புரட்டிப் போட்டது.

அமெரிக்காவின் அயோவா மாநில மக்காச்சோளம் எத்தனால் ஆலைக்குப் போனால் சந்தையில் சரக்கு குறைந்து விலை ஏறும். அந்த விலைக்காக வேறு நாட்டில் யாரோ காட்டையோ மேய்ச்சல் நிலத்தையோ உழுவார். மரத்திலும் மண்ணிலும் இருந்த கரி காற்றில் கலக்கும். அதையும் எத்தனாலின் பற்றுக் கணக்கில் எழுது என்றார்கள். நில மாற்றத்துக்கு மட்டும் அவர்களுக்குக் கிடைத்த எண், ஒரு மெகாஜூல் எரிபொருளுக்கு 104 கிராம் கரியமில வாயுவுக்குச் சமம். பெட்ரோலின் மொத்த வெளியேற்றமே 92 கிராம்தான்!

இந்த நில மாற்ற வெளியேற்றத்தைக் கருவி வைத்து அளக்க வழியில்லை. வெட்டிய மரத்தில் ‘எத்தனாலுக்காக’ என்று எழுதியிருக்குமா? ஆகவே கணினியில் உலகச் சந்தையை எத்தனாலோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை ஓட்டி, நிலப்பரப்பில் வரும் வித்தியாசத்தை எடுக்கிறார்கள். விலை ஏறினால் விளைச்சல் எவ்வளவு கூடும், ஆலைச் சக்கை எவ்வளவு தீவனமாகத் திரும்பும், உழப்படுவது காடா புல்வெளியா என ஒவ்வொன்றும் அனுமானம். கலிபோர்னியாவின் காற்றுவள வாரியம் 2009இல் 30 கிராம் என்றது, 2015இல் 19.8 ஆக்கியது.

வகுத்தலையும் கவனி. ஆண்டுக்கு ஒரு மெகாஜூல் எத்தனால் கூடினால் நிலத்திலிருந்து மொத்தம் சுமார் 800 கிராம் வெளியேறும் என்றது தாமஸ் ஹெர்டெல் குழு, 2010இல். அமெரிக்க வழக்கப்படி 30 ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் 27. ஐரோப்பிய வழக்கப்படி 20 ஆண்டுகளுக்கு என்றால் 40. வெட்டிய காடு என்னவோ அதேதான்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. விலை ஏறினால் சிலர் குறைத்துச் சாப்பிடுவார்கள். அவர்கள் உண்ணாத தானியத்துக்குப் புது நிலம் வேண்டாம் அல்லவா? எண் இறங்கிவிடும். ஏழையின் அரைவயிறு எத்தனாலுக்கு வரவு! யாராவது சின்ன எண் ஒன்றைக் காட்டினால், அதில் இந்த வரவு எவ்வளவு என்று முதலில் கேள்.

எண்கள் இப்படிச் சிதறுவதால் சுழியம் என்றே வைத்துக்கொள்ளலாம் என்பவர்களும் உண்டு. அதுவும் ஓர் அனுமானம்தான். அதிலும் துணிச்சலான அனுமானம். ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் தானியத்துக்கு 12 கிராம், எண்ணெய்வித்துக்கு 55 கிராம் என்று அறிக்கையில் காட்டச் சொன்னது. எரிபொருளின் தகுதியைத் தீர்மானிக்கும் கணக்கில் சேர்க்கவில்லை. பதிலுக்கு, போக்குவரத்து இலக்கில் உணவுப்பயிர் எரிபொருளுக்கு 7 சதவீத உச்சவரம்பு வைத்தது. எண்ணில் ஒத்துப்போகாதவர்களும் வரம்பில் ஒத்துப்போக முடிந்தது. அது கெட்டிக்காரத்தனம் என்றே எனக்குப் படுகிறது.

அன்புடன்,
சித்தப்பா