பெயரை மறந்துட்டு கேளுங்க!

நாலு பேர் ராத்திரி பகலா உட்கார்ந்து ஃபைனல் இயர் புராஜெக்டை முடிச்சிருப்போம். ரிவ்யூ அன்னைக்கு ஒருத்தர் வந்து, "ஓ, இது அந்த சாரோட புராஜெக்டா?" என்பார். எப்படி இருக்கும்? ஓர் இசை ஆல்பத்துக்கும் இதே கதிதான்.

தி பிளாக் பெல்ஸ். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 2010-ல் உருவான, பெண்கள் மட்டுமே இருந்த ராக் குழு. கறுப்பு உடை, அகலமான கறுப்புத் தொப்பி. குழுவின் பெயரிலேயே 2012-ல் ஒரே ஓர் ஆல்பம் வந்தது. தயாரித்தவர் பிரபல கிட்டார் கலைஞர் ஜாக் வைட். வெளியிட்டதும் அவருடைய தேர்ட் மேன் ரெக்கார்ட்ஸ்தான். அதனால் இந்தக் குழுவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே முதலில் அவர் பெயர்தான் வருகிறது. பாடி, கிட்டாரும் வாசித்த ஒலிவியா ஜீன் பெயர் பின்னாடி போயிடுச்சு.

இவர்கள் இசைக்கு 'காதிக் கேரேஜ் ராக்' என்று பெயர். 1960-களில் அமெரிக்கப் பசங்க வீட்டு கார் ஷெட்டில் வாசித்துப் பழகிய கரடுமுரடான ராக், கூடவே பேய்க்கதை இருட்டு.

அந்தக் கரகரப்பு எங்கிருந்து வருது? நம்ம லேப்ல பார்த்த கிளிப்பர் சர்க்யூட்தான்! சிக்னலை அளவுக்கு மீறிப் பெருக்கினால் அலையின் உச்சியும் அடியும் வெட்டுப்படும். சைன் வேவ், ஸ்கொயர் வேவை நெருங்கும். புது ஹார்மோனிக்ஸ் சேரும். இதுதான் ஃபஸ். இந்த வகை இசையில் அடிக்கடி வரும் இன்னொன்று ஸ்பிரிங் ரிவெர்ப். சிக்னல் ஒரு சுருள் கம்பியை அதிர வைக்கும். அதிர்வு இரு முனைகளுக்கும் நடுவே போய்ப்போய்த் திரும்பும். ஆளில்லாத மண்டபத்தில் வாசிப்பது போல் கேட்கும்.

இப்போ பயிற்சி. ஹெட்போன் மாட்டிக்கிட்டு ஒரு பாட்டை மூணு தடவை கேளுங்க. முதலில் கிட்டார் மட்டும். அடுத்து டிரம்ஸ். கடைசியா குரல். 'யார் தயாரிச்சது' என்ற கேள்வி தானா மறைஞ்சுடும்.

ஒரு சுவாரசியம்: 1965-ல் தி நிக்கர்பாக்கர்ஸ் பாடிய 'லைஸ்' பாட்டை, பீட்டில்ஸ் பாட்டு என்றே பலர் நினைத்தார்கள். பிளாக் பெல்ஸ் தங்கள் முதல் சிங்கிளின் மறுபக்கத்தில் பாடியது அதே பாட்டைத்தான்!

குழு கலைந்த பிறகு, 2014-ல் ஒலிவியா ஜீன் தன் சொந்தப் பெயரில் தனி ஆல்பம் வெளியிட்டார். அட்டையில் இருக்கும் பெயரை ஒருமுறை சத்தமா படிச்சுட்டு பிளே பட்டனை அழுத்துங்க. அவங்க உழைப்புக்கு நாம தர்ற அட்டெண்டன்ஸ் அது.