கேட்டவள் திரும்பிப் போகவேணும்

அன்புள்ள மகள் ஆரணிக்கு,

கொம்மா போனிலை ஒரே அழுகை. நீ அமைதிக் குழுவோடை கிராஸி நரோஸ் எண்ட பூர்வகுடி ஊருக்கு வெளிக்கிடுறாயாம். உன்னை மறிக்க நான் இதை எழுதேல்லை. போறதும் விடுறதும் உன்ரை விருப்பம். ஆனால் ரொறன்ரோவிலையிருந்து கெனோராவுக்கே 1,800 கிலோமீற்றருக்கு மேலையாம், அதுக்கங்காலை இன்னும் வடக்கை போகவேணுமாம். பனி றோட்டு. ஆர் வான் ஓட்டுறது? சரி, அதை விடு.

நீ அனுப்பினதை ஆறுதலா வாசிச்சன். 1962 இலிருந்து 1970 வரை டிரைடன் ஆலை ஆத்திலை விட்ட பாதரசம் கிட்டத்தட்ட 9,000 கிலோ. சேத்திலையிருந்து மீனுக்கு, மீனிலையிருந்து சனத்தின்ரை நரம்புக்கு. கை நடுக்கம், விறைப்பு, பக்கப் பார்வை மங்குறது. மீனை நம்பிச் சீவிச்ச ஊர், தொழிலும் போச்சு. 2002 டிசம்பரிலை மரம் ஏத்துற லொறியளை றோட்டிலை மறிச்சதும் அந்த ஊர்ச் சனந்தான். தங்கடை நியாயம் அவைக்கு வடிவாத் தெரியும், பிள்ளை.

சுனாமிக்குப் பிறகு எங்கடை கரைக்கு வந்தவையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கொப்பி, கமரா, தலையாட்டல். அம்மம்மா வந்தவைக்கெல்லாம் பிளேன்ரீ போட்டுக் குடுத்து, கடல் கொண்டுபோன குட்டி மாமாவின்ரை கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னா. படம் அனுப்புறம் எண்டு போனவை ஒரு கடுதாசி போடேல்லை. கண் மூடுமட்டும் தபால்காரனை விசாரிச்சவ. ஒருத்தரின்ரை துக்கத்தைக் கேட்டால் அது கடன். கேட்டவள் திரும்பிப் போகவேணும்.

அழைச்சால்தான் உங்கடை குழு போகும் எண்டாய். நல்லது. அழைச்சவை வாசலிலை நிண்டு பாத்திருப்பினம் எண்டதையும் நினை. மினமாட்டா வருத்தக்காரரைப் பாத்த யப்பான் டொக்டர் ஹரடா 1975 இலை அந்த ஊருக்குப் போனவர். 2002 இலும் திரும்பிப் போய் ஆக்களைச் சோதிச்சுப் பாத்தவர். அப்பிடியெண்டால் போ. கொஞ்ச நாள் நிண்டு, படம் எடுத்து, சோதினைக்கு ஓடிவாறதெண்டால் ஏன் அவ்வளவு தூரம்? ரொறன்ரோ நிலத்துக்காக மிசிசாகா பூர்வகுடிச் சனத்துக்கு நட்டஈடு தீர்ந்ததே 2010 இலைதானே. அவை உனக்குக் கிட்டத்தான் இருக்கினம். முதல் அங்கை போய்ப் படி. சோதினையும் முடியட்டும். பிறகு யோசிப்பம்.

கோவிக்காதை, குஞ்சு. எங்கடை குடும்பத்திலை உன்னை மாதிரி நெஞ்சுள்ள பிள்ளை வேறை ஆரும் இல்லை. அயலட்டை முழுக்கச் சொல்லிப் பெருமைப்படுறன். போறதெண்டாலும் போகாட்டிலும் எனக்கு நீ ராசாத்திதான். கனடா வாற ஆளிட்டை ஒடியல்மாவும் பருத்தித்துறை வடையும் குடுத்துவிடுறன். நல்ல சப்பாத்து வாங்கக் காசும் வைச்சிருக்கிறன். கொம்மாவுக்குச் சொல்லாதை. போனால் ஒவ்வொரு இரவும் ஒரு மெசேஜ் போடு. ரெண்டு போட்டாலும் குறையில்லை.

ஆயிரம் முத்தங்களோடை,
பெரியம்மா