பாதை காட்டும் மூளையும் சரக்கைச் சுமக்கும் கையும்



இன்று ஜொகூரில் நம்மவர் கடைகள் பலவற்றில் கல்லாப் பெட்டியின் பக்கத்திலே கியூஆர் அட்டையொன்று நிற்கிறது. 2023 மார்ச் மாதக் கடைசியில் மலேசியாவின் டூயிட்நவ் முறையும் சிங்கப்பூரின் நெட்ஸ் முறையும் இணைக்கப்பட்டதிலிருந்து, அக்கரையிலிருந்து வரும் வாடிக்கையாளரும் கைப்பேசியாலேயே பணம் செலுத்த முடிகிறது. அந்தப் பணச் செய்தி எவ்வழியே போகிறது, நெரிசல் உண்டானால் அதைத் தீர்ப்பது எது என்பதை அறிவது நமக்கு அவசியம். ஆகையால் மென்பொருளால் ஆளப்படும் வலைப்பின்னலைப் பற்றிச் சிறிது ஆராய்வோம்.

நம் ஊர் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூருக்குச் சாலை வழி இரண்டு. 1924-ல் முறைப்படி திறக்கப்பட்ட ஜொகூர் பாரு - உட்லண்ட்ஸ் பாலம் ஒன்று. 1998-ல் திறக்கப்பட்ட தஞ்சோங் கூப்பாங் - துவாஸ் பாலம் மற்றொன்று. ஒவ்வொரு லாரி ஓட்டுநரும் தமக்குக் கிட்டிய வழியையே நாடினால், ஒன்றில் வண்டிகள் தேங்கும்; மற்றதில் இடம் வீணாய்க் கிடக்கும். பழைய வலைப்பின்னலில் நடப்பது இதுவே. அதில் சந்திக்குச் சந்தி ‘ரவுட்டர்’ என்னும் கருவி உண்டு. வழியைத் தீர்மானிப்பதும் அதுவே. செய்தியை அனுப்புவதும் அதுவே. பெரும்பாலும் குறுகிய வழியையே தேர்ந்தெடுக்கும். அங்குள்ள கூட்டத்தைப் பாராது.

புதிய ஏற்பாடு யாதெனில், தீர்மானிக்கும் மூளையையும் சுமக்கும் கையையும் பிரித்துவிடுவது. கருவிகள் அனுப்பும் வேலையை மட்டும் செய்யும். எவ்வழியில் எவ்வளவு இடம் உண்டென்று ஒருசேரப் பார்த்துக் கட்டளையிடுவது ‘கன்ட்ரோலர்’ என்னும் தலைமை மென்பொருள். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் முதலானோர் 2008-ல் வெளியிட்ட ‘ஓப்பன்ஃப்ளோ’ முறை இதற்கு வழி திறந்தது.

ஆனால், பத்துக் கிளைகள் உள்ள கடையில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் முதலாளியைக் கேட்டுத்தான் விற்கவேண்டுமென்றால் வியாபாரம் நடக்குமா? நடவாது. ஆகவே பெரிய வலைப்பின்னல்களில் மூன்று உபாயங்கள் உண்டு. கட்டளைகளை முன்கூட்டியே கருவிகளிடம் கொடுத்து வைப்பது ஒன்று. தனிச் செய்திகளுக்கன்றி, ஊருக்கு ஊர் போகும் மொத்தச் சரக்குக்கு வழி வகுப்பது இரண்டு. ஒவ்வொரு ஊரிலும் கிளை நிர்வாகியை வைத்து, மொத்தக் கணக்கை மட்டும் தலைமைக்கு அனுப்புவது மூன்று.

கூகுள் நிறுவனம் உலகெங்குமுள்ள தன் தரவுக் கூடங்களை இணைக்கும் ‘பி4’ வலைப்பின்னலை இவ்விதம் அமைத்து, 2013-ல் விவரம் வெளியிட்டது. பயனாளரின் தகவல் அளவில் சிறிது, அவசரத்தில் பெரிது, அதற்கு முதலிடம். மொத்தமாய் நகலெடுக்கும் சரக்கு காத்திருக்கலாம். இப்படித் தரம் பிரித்ததால், வழக்கமாக 30 முதல் 40 சதவீதமே நிரப்பப்படும் நெடுந்தூர இணைப்புகளுக்குப் பதிலாக, பல இணைப்புகளை ஏறக்குறைய 100 சதவீதம் நிரப்பி ஓட்ட முடிந்தது.

சிங்கப்பூர் 2019 முதல் 2022 வரை புதிய தரவுக் கூடங்களை நிறுத்தி வைத்ததற்குப் பிறகு, கூலாயை அடுத்த செடெனாக்கிலும் இஸ்கந்தர் புத்திரியிலும் கூடங்கள் பெருகியிருக்கின்றன. ஆகையால் இவ்விஷயம் நம் வாசலுக்கே வந்துவிட்டது.

இதில் அபாயமும் உண்டு. 2019 ஜூன் 2-ஆம் நாள், பராமரிப்பு வேலையின்போது அமைப்புத் தவறுகளும் மென்பொருட் பிழையும் சேர்ந்து, கூகுளின் பல இடங்களிலிருந்த தலைமை மென்பொருள்கள் ஒரே சமயத்தில் நின்றன. கருவிகள் பழைய கட்டளைகளைக் கொண்டு சில நிமிஷங்கள் சமாளித்தன. பின்பு பாதைகள் குறைந்து, நான்கு மணி நேரத்துக்கு மேல் பல சேவைகள் தடுமாறின. மூளை பல இடங்களில் இருந்தும், அவற்றை ஒருங்கே நிறுத்தும் சாவி ஒன்றாயிருந்ததே வினை.

இதிலிருந்து நம் கடைக்கு மூன்று பாடங்கள். முதலாவது, இரண்டு இணைய இணைப்பு வைத்தால் மட்டும் போதாது. இரண்டும் ஒரே கம்பத்தில், ஒரே நிறுவனத்தின் கம்பியில் வருகின்றனவா என்று விசாரியுங்கள். இரண்டாவது, பணச் செய்திக்கு முதலிடம் கொடுங்கள். கேமராப் படமும் பாட்டும் பின்னால் போகட்டும். பல ரவுட்டர்களில் இதற்கு வசதி உண்டு. மூன்றாவது, இணைப்பு நின்ற நேரத்தில் வாடிக்கையாளர் காட்டும் திரையை நம்பிச் சரக்கைக் கொடாமல், உங்கள் வங்கியின் அறிவிப்பைப் பாருங்கள்; சில்லறையும் கைக்கணக்குப் புத்தகமும் தயாராக இருக்கட்டும்.

தலைமை எவ்வளவு திறமையுடையதாயினும், அது இல்லாத நேரத்தில் கடை நடக்கும் வகை செய்து வைப்பவரே நல்ல வியாபாரி.