மூத்தம்மாவுக்குத் துணைக்கு நிற்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

மூத்தம்மாவின் இடுப்பு முறிவுக்கு ஒப்பரேஷன், கல்முனை அஷ்ரப் ஆஸ்பத்திரியில் நீதான் துணைக்கு நிற்கப் போகிறாய் என்று உம்மா சொன்னார். ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு போ.

ஒப்பரேஷனுக்குப் பிந்திய இரவுகளில் அவர் உன்னையே அடையாளம் தெரியாமல் பார்க்கலாம். சேலைன் குழாயைப் பிடுங்கலாம். 2004இல் கடல் வந்ததை இப்போது காண்பதுபோல் "ஓடுங்க" என்று கத்தலாம். நம் ஊர்களில் இதை ஜின் பார்வை என்பார்கள், அல்லது வயசு போனால் இப்படித்தான் என்று விடுவார்கள். ஓதிப் பார்ப்பது மனசுக்கு ஆறுதல்தான். அதற்காக டொக்டரிடம் சொல்வது பிந்தக் கூடாது. நோவு, கிருமித் தொற்று, நீர் வற்றுதல், சிறுநீர் அடைப்பு, சில மருந்துகள் என்று உடம்பில்தான் பெரும்பாலும் காரணம் இருக்கும்.

சத்தமே இல்லாத குழப்பமும் உண்டு. பகலெல்லாம் சோர்ந்து கிடப்பார், "நல்லாத் தூங்குறா" என்று நாம் நிம்மதியாக இருப்போம். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல். நேற்றுச் சொன்னவர் இன்று பாதியில் தடுமாறினால் உடனே மிஸ்ஸியைக் கூப்பிடு.

இந்தக் குழப்பத்தில் கணிசமானதைத் தடுக்கலாம். அமெரிக்காவின் பொஸ்டனில், இடுப்பு முறிவுக்கு ஒப்பரேஷன் செய்த 126 முதியோரை வைத்து நடந்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. வழமையான கவனிப்பில் 50 வீதமானோருக்குக் குழப்பம் வந்தது. முதியோர் மருத்துவர் தினமும் வந்து நீர், நோவு, மருந்து, குழாய் எல்லாவற்றையும் பார்த்தவர்களில் 32 வீதம். புது மருந்து ஒன்றுமில்லை, கவனிப்பு மட்டும்தான்.

கண்ணாடி, காது மெஷின், பல் செட் மூன்றையும் பையில் வை. மயக்கம் தெளிந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுவிடு. மங்கலாகத் தெரியும் வார்டில் யாருக்கும் பயம்தான் வரும். வாங்கு கேட்கும்போது, "இது அஸர் வாங்கு மூத்தம்மா, இண்டைக்கு வியாழன், ஆஸ்பத்திரியில இருக்கிறீங்க" என்று சொல். ஐந்து நேரமும் தொழுதவர். தயம்மும் செய்து படுத்தபடி தொழ உதவினால் இரவு பகல் பிடிபடும். டொக்டர் அனுமதித்த அன்றே எழுப்பி உட்கார வை.

மூத்தம்மா போடும் குளிசைகள் எல்லாவற்றையும் எழுதிக் கொடு. தும்மலுக்கு ஃபார்மஸியில் வாங்கும் பிரிட்டன் (Piriton) குளிசையையும் விடாதே, அதுவும் குழப்பும். தூக்கக் குளிசை நெடுநாள் போட்டு வந்தால் நீயாக நிறுத்தாமல் டொக்டரிடம் சொல்.

குழப்பம் வந்துவிட்டால் வாதாடாதே, கையைக் கட்டவும் விடாதே. பக்கத்தில் இருந்து பேசு. தெருவே நோய் விசாரிக்கத் திரண்டு வரும், இருவர் இருவராக அனுப்பு. இரவில் நீ, பகலில் சாச்சி என்று முறை வைத்துக்கொள்ளுங்கள், நீயும் தூங்க வேண்டும்.

அன்புடன்,
மாமி