லோங்கைப் பெற்றபின் ஷுவை நோக்குதல்
(ஒரு சீன மரபுத்தொடரும் நமது இல்லறமும்)



அண்டை வீட்டாரின் மொழியில் உள்ள நல்லவற்றை அறிந்துகொள்வதும் அறிவு வளர்ச்சியே ஆகும். கம்போங் மேடானிலும் பழைய கிள்ளான் சாலை வட்டாரத்திலும் நாம் பிற இனத்தவரோடு கலந்து வாழ்கிறோம். நம் பிள்ளைகளில் சிலர் சீனப் பள்ளிகளிலும் பயில்கின்றனர். அங்கே 'செங்யூ' எனப்படும் மரபுத்தொடர்களைத் தொடக்கப்பள்ளியிலேயே கற்பிக்கிறார்கள். பெரும்பாலும் நான்கே எழுத்துகள். ஆனால் பலவற்றின் பின்னால் ஒரு வரலாறே இருக்கும். பேராசையைப் பற்றிய அத்தகைய தொடர் ஒன்றை இம்மலரில் பாடமாகத் தர விழைகிறேன்.

சொல்லும் பொருளும்

'தெ லோங் வாங் ஷு' என்பதே அத்தொடர். கோலாலம்பூர்ச் சீனர் பலர் பேசும் கண்டோனீஸ் மொழியில் இது 'தக் லுங் மோங் சுக்' என ஒலிக்கும். 'தெ' என்றால் பெறுதல். லோங் என்பது இன்றைய கான்சு மாநிலத்தின் கிழக்குப் பகுதி. ஷு என்பது இன்றைய சிச்சுவான். 'வாங்' என்னும் சொல்லுக்குத் தொலைவில் நோக்குதல், விரும்புதல் என இரு பொருளும் உண்டு. ஆசை கண்ணில்தான் தொடங்குகிறது என்பதை அந்த ஒரு சொல்லே காட்டிவிடுகிறது. ஆக, லோங்கைப் பெற்றவுடன் ஷுவை நோக்குதல் என்பது இதன் நேர்ப்பொருள்.

தொடர் பிறந்த வரலாறு

கி.பி. 25இல் குவாங்வூ என்பவர் பேரரசராகி, ஹான் அரசை மீண்டும் நிலைநாட்டினார். எனினும் நாடு முழுவதும் அவர் கைக்கு வரவில்லை. மேற்கே லோங் பகுதியை வெய் சியாவ் என்பவன் ஆண்டான். அதற்குத் தெற்கே ஷுவில் கோங்சுன் குடியைச் சேர்ந்த ஒருவன் தன்னையே பேரரசன் என்று அறிவித்துக்கொண்டிருந்தான். 32ஆம் ஆண்டில் குவாங்வூவின் படைகள் லோங்கில் இரண்டு நகரங்களை முற்றுகையிட்டன. இடையில் தலைநகர்ப் பக்கம் கலகம் மூண்டதால் பேரரசர் திரும்ப வேண்டியதாயிற்று. அப்போது அவர் ட்சென் பெங் என்னும் தளபதிக்கு ஒரு மடல் எழுதினார். இரு நகரங்களும் விழுந்தவுடன் படையைத் தெற்கே ஷுவின்மீது செலுத்துமாறு பணித்தார். மனிதருக்குப் போதும் என்று அறியாததே துன்பம் என்றும், லோங்கை அடக்கியதும் தம் கண் ஷுவின்மேல் போகிறது என்றும், ஒவ்வொரு முறை படை அனுப்பும்போதும் தம் தலைமயிர் நரைக்கிறது என்றும் அம்மடலில் அவரே கூறிக்கொண்டார். ஐந்தாம் நூற்றாண்டில் ஃபான் யெ தொகுத்த 'பிற்கால ஹான் வரலாறு' என்னும் நூலில் இச்செய்தி உள்ளது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, மடல் எழுதப்பட்ட நாளில் லோங் முழுமையாகக் கைக்கு வந்துவிடவில்லை. ஷுவிலிருந்து உதவிப்படை வந்தது, ஹான் படைக்கு உணவு தீர்ந்தது, முற்றுகை கைவிடப்பட்டது. லோங் அடங்கியது 34ஆம் ஆண்டில்தான்.

இரண்டாவது, விலை கொடுத்தவர் யார் என்பது. 35ஆம் ஆண்டில் ட்சென் பெங் ஷுவிற்குள் வெகுதூரம் முன்னேறினார். அவர் பாசறை இறங்கிய இடத்தின் பெயர் பெங்வாங். 'பெங் மடிந்தான்' என்று பொருள்படும் அப்பெயரைக் கேட்டு மனம் கசந்து, வேறிடம் போக நினைத்தார். ஆனால் பொழுது சாய்ந்துவிட்டது. தப்பி வந்த அடிமைபோல் நடித்து உள்ளே நுழைந்த ஒருவன் அன்றிரவே அவரைக் குத்திக் கொன்றான். 36ஆம் ஆண்டில் ஷுவின் தலைநகர் செங்டு சரணடைந்தது; அதன்பின்னும் ஹான் படைவீரர்கள் அதனைச் சூறையாடினர். ஆசைப்பட்டவருக்கு நரைத்தது தலைமயிர். மடலைப் பெற்றவருக்குப் போனது உயிர்.

நின்றுவிட்ட ஒருவர்

ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்குப் பின், 215இல், ட்சாவ் ட்சாவ் என்னும் பெருந்தலைவர் ஹான்ஜோங் பகுதியை வென்றார். அடுத்திருந்த ஷுவையும் உடனே தாக்கலாம் என்று சீமா யீ அறிவுரை கூறினார். ட்சாவ் ட்சாவ் பழைய லோங், ஷு கதையையே சுட்டிக்காட்டி மறுத்துவிட்டார். 219இல் அந்த ஹான்ஜோங்கையே லியூ பெய் என்பவரிடம் அவர் இழந்தார். நல்ல வாய்ப்பை நழுவவிட்டார் என்று அவரைக் குறை கூறுவாரும் உண்டு. நிற்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை வரலாறு மறைக்கவில்லை.

வழங்கும் முறை

ஒன்று கிடைத்ததும் அடுத்ததற்கு ஏங்குபவரைக் கடிந்துகொள்ள இத்தொடர் பயன்படுகிறது. தம்மையே கேலியாகச் சொல்லிக்கொள்ளவும் இதனைக் கையாளலாம். இதற்கு உறவான தொடர்கள் வேறும் உண்டு. 'தெ சுன் ஜின் ச்சி' என்றால் ஓர் அங்குலம் பெற்றதும் ஓர் அடி முன்னேறுதல். இது பிறரை மேலும் மேலும் நெருக்குபவருக்கு உரியது. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்னும் நம் பழமொழிக்கு இது நெருக்கம். மனித மனத்தின் நிறைவின்மையை, யானையை விழுங்கப் பார்க்கும் பாம்பாகக் கூறும் பழமொழியும் சீனரிடம் உண்டு. அது அளவற்ற ஆசைக்கு உரியது. பொருள் வேறுபாடு அறிந்து பயன்படுத்துதல் வேண்டும்.

நமக்கு உரிய பாடம்

அப்படியாயின் முன்னேற நினைப்பதே பிழையா? அல்ல. திருவள்ளுவர் வெஃகாமை என்னும் அதிகாரத்தை இல்லறவியலில் வைத்தார். அவாவறுத்தலைத் துறவறவியலில் வைத்தார். பிறர் பொருளை விரும்பாதிருத்தல் இல்லறத்தார்க்குச் சொன்னது. ஆசையையே அறுத்தல் துறவிக்குச் சொன்னது. பாண்டவர் ஐந்து ஊர் கேட்டதை யாரும் பேராசை என்பதில்லை. அதனையும் கொடுக்க மறுத்த துரியோதனனையே பழிக்கிறோம்.

இன்றைய ஷு நம் கைப்பேசிக்குள்ளேயே வருகிறது. 2017இல் பினாங்கைச் சேர்ந்த ஜேஜேபிடிஆர் என்னும் பணத்திட்டம் சரிந்ததை நாடே அறியும். அவ்வெழுத்துகள் 'எளிய மக்களைக் காப்பாற்றுதல்' என்னும் சீனத் தொடரின் சுருக்கம். மாதம் 20 விழுக்காடு இலாபம் என்று ஆசை காட்டினார்கள். பொதுவாக இத்தகைய திட்டங்களில், பின்னால் வருபவர் போடும் பணமே முன்னால் வந்தவருக்கு இலாபமாகத் தரப்படுகிறது. முதல் மாதம் கைக்கு வரும் சில நூறு வெள்ளிதான் லோங். அதைக் கண்டதும் சேமநிதிப் பணத்தையும், மனைவியின் நகையையும், மைத்துனரின் சேமிப்பையும் ஷுவை நோக்கி அனுப்பிவிடுகிறோம். போதாததற்கு ஆலோங்கிடம் கடன் வாங்குவோரும் உண்டு. பணம் போனபின் கதவில் சிவப்புச் சாயம் வீசப்படும்போது, அதைக் காண்பவர்கள் ஒன்றும் அறியாத பிள்ளைகள்.

ஆகவே, அடுத்த அடி வைக்குமுன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வோம். முதலில் பெற்றது உண்மையிலேயே நம் கையில் உறுதியாகிவிட்டதா? இப்போது நோக்குவது நம் உழைப்பால் வருவதா, பிறர் இழப்பால் வருவதா? தவறிப்போனால் விலை கொடுக்கப்போகும் ட்சென் பெங் நம் வீட்டில் யார்? ஐயம் இருப்பின், பேங்க் நெகாரா வெளியிடும் எச்சரிக்கைப் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவது நன்று. ஆனால் அதில் பெயர் இல்லை என்பதையே உறுதிச் சான்றாகக் கொள்ளக்கூடாது.

'போதும்' என்பது சிறு சொல்தான். அதனை உரிய நேரத்தில் சொல்லும் தெளிவை எல்லாம் வல்ல இறைவன் நம் இல்லங்கள் அனைத்திற்கும் அருள்வானாக.