பழைய மடிக்கணினிக்கு ஏற்ற இயங்குதளம்

அண்ணன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது வாங்கிய மடிக்கணினி அது. பதினோர் ஆண்டுகள் உழைத்த பிறகு, நான்காம் படிவம் பயிலும் தங்கையின் கைக்கு வந்து சேர்ந்தது. விசையை அழுத்திவிட்டுத் தேநீர் கலக்கிக் குடித்து முடித்தால்தான் திரை தெளியும். அதிலிருந்த விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நின்றுபோயின. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் புதிய தலைமுறைச் செயலியும் வேண்டும். இந்தக் கணினியில் இரண்டும் இல்லை. "இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குங்கள்" என்றார் பழுதுபார்க்கும் கடைக்காரர். அந்த மாதம் வீட்டில் அதற்கு வழியில்லை. தங்கையோ இரண்டு வாரத்தில் இடுபணியை ஒப்படைத்தாக வேண்டும்.

"கணினி கெடவில்லை. அதன்மேல் ஏற்றிய சுமைதான் கூடிவிட்டது. லினக்ஸ் போட்டுப் பார்ப்போம்" என்றான் அண்ணன்.

1991ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர் எழுதத் தொடங்கிய மென்பொருளே லினக்ஸ். அதன் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இதனால்தான் அதனைத் திறந்தமூல மென்பொருள் என்கிறோம். லினக்ஸ் என்பது உண்மையில் உட்கரு மட்டுமே. அதனுடன் திரைமுகப்பு, உலாவி, எழுத்துச் செயலி முதலியவற்றைச் சேர்த்துப் பலர் பலவிதமாகத் தொகுத்து வெளியிடுகின்றனர். இத்தொகுப்புகளை வழங்கல்கள் என்பர். நூற்றுக்கணக்கான வழங்கல்கள் இருப்பது வசதிதான். புதியவருக்கு அதுவே பெரிய குழப்பமும் ஆகும்.

தங்கை தேடிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இருப்பதிலேயே இலகுவானது பப்பி லினக்ஸ் போலிருக்கிறது. அதையே போட்டுவிடலாமா?" என்று கேட்டாள். 2003ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியரான பேரி காலர் உருவாக்கியது அது. அளவில் மிகச் சிறியது. முழுவதும் நினைவகத்தில் ஏறி அமர்ந்துகொண்டு இயங்கும். வன்தட்டே இல்லாத கணினியைக்கூட ஒரு விரலியைக் கொண்டு இயக்கிவிடலாம். ஆனால், கோப்புகளைச் சேமிக்கும் முறை முதலியவற்றில் அதற்கெனத் தனிப் பழக்கங்கள் உண்டு. அவற்றைக் கற்கப் பொறுமை வேண்டும். இடுபணி நெருங்கும் வேளையில் அந்தப் பொறுமை யாருக்கும் இருப்பதில்லை.

"எது இலகுவானது என்று கேட்காதே. உன் வேலைக்கு எது போதும் என்று கேள்" என்றான் அண்ணன். முதலில் கணினியில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். நினைவகம் 4 ஜிகாபைட். செயலி 64 பிட் வகை. 32 பிட் செயலி கொண்ட இன்னும் பழைய கணினியாக இருந்திருந்தால் தேர்வு சுருங்கியிருக்கும். உபுண்டுவும் அதன் கிளைகளும் அவ்வகையைக் கைவிட்டுவிட்டன. ஆன்டிஎக்ஸ் போன்ற சில வழங்கல்களே அதற்கு இன்னும் கைகொடுக்கின்றன.

இவர்கள் லுபுண்டுவையும் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பையும் தெரிவு செய்து, இரு விரலிகளில் ஏற்றினார்கள். லினக்ஸில் உள்ள பெரிய நன்மை இதுதான். கணினியில் நிறுவாமலேயே விரலியிலிருந்து இயக்கிச் சோதித்துப் பார்க்கலாம். இரண்டுமே நன்றாகத் தொடங்கின. தங்கை ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் அமர்ந்து, இணைய இணைப்பு, ஒலி, படக்கருவி, அச்சுப்பொறி என ஒவ்வொன்றாகச் சோதித்தாள். ஒன்றில் கம்பியில்லா இணையம் உடனே கிடைத்தது. மற்றொன்றில் அதற்கான இயக்கியைத் தனியே தேட வேண்டியிருந்தது. பழைய கணினிகளில் இப்படி நேர்வதுண்டு. முன்னரே தெரிந்துகொண்டால் பின்னர்த் தலைவலி இல்லை. விசைப்பலகை அமைப்பில் தமிழ் 99-ஐச் சேர்த்துத் தன் பெயரைத் தட்டச்சு செய்தும் பார்த்தாள்.

இறுதியில் மின்ட்டின் பக்கமே சாய்ந்தார்கள். அதற்குக் குறைந்தது 2 ஜிகாபைட் நினைவகம் போதும். 4 இருந்தால் நல்லது. அதன் ஒவ்வொரு முதன்மைப் பதிப்புக்கும் ஐந்தாண்டுகள் வரை புதுப்பிப்புகள் கிடைக்கும் என்பது மற்றொரு காரணம். இழப்புகளும் இல்லாமல் இல்லை. மைக்ரோசாப்ட் வேர்ட் இதில் நேரடியாக இயங்காது. லிப்ரே ஆபிஸில் எழுதி அதே வடிவத்தில் சேமிக்கலாம். ஆனால், அட்டவணைகளும் எழுத்துருக்களும் சில வேளைகளில் இடம் மாறிவிடும். எனவே, இடுபணியை பிடிஎஃப் ஆக மாற்றி ஒப்படைப்பது என்று தங்கை முடிவு செய்தாள். டெலிமா போன்ற கற்றல் தளங்கள் உலாவி வழியே இயங்குவதால் அவற்றுக்குச் சிக்கல் இல்லை. உலாவிதான் நினைவகத்தை அதிகம் விழுங்கும். எத்தனை இலகுவான இயங்குதளமும் இருபது பக்கங்களை ஒரே நேரத்தில் திறந்து வைத்தால் திணறத்தான் செய்யும்.

நிறுவுவதற்கு முன் அம்மா குறுக்கிட்டார். "தாத்தாவின் படங்கள் எல்லாம் அதில்தானே இருக்கின்றன?" என்றார். தோட்டத்தில் தாத்தா வாழ்ந்த காலத்துப் படங்கள் அவை. அவற்றுக்கு வேறு படி கிடையாது. தட்டை முழுவதும் அழித்து நிறுவும் தெரிவைச் சொடுக்கியிருந்தால் அத்தனையும் போயிருக்கும். அண்ணன் சற்று நேரம் பேசவே இல்லை.

மறுநாள் அவன் ஒரு திடநிலைத் தட்டை வாங்கி வந்தான். புதிய மடிக்கணினியின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. பழைய வன்தட்டைக் கழற்றிவிட்டு அதனைப் பொருத்தி, அதில் மின்ட்டை நிறுவினான். இப்போது திரை அரை நிமிடத்திற்குள் தெளிகிறது. கழற்றிய வன்தட்டை அம்மா ஒரு துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார். மாலையில் தங்கை அதை ஓர் உறையில் பொருத்திக் கணினியுடன் இணைத்து, படங்களை இரண்டு விரலிகளில் படியெடுத்தாள். அம்மா அருகில் அமர்ந்து, ஒவ்வொரு படமும் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.